ஆயிரம் ரூபாய் கிரைண்டரா, மூவாயிரம் ரூபாய் கிரைண்டரா? பட்டறைக்கும் மாட்டுக் கொட்டாய்க்கும் சாமான் வாங்குமுன்

பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோட்டில் ஒரே கடையில், ஒரே அலமாரியில், பார்வைக்கு ஒன்று போலவே, இரும்பு அறுக்கவும் தேய்க்கவும் உதவும் நாலு இஞ்ச் கிரைண்டர் இரண்டு இருக்கும். ஒன்று 1,000 ரூபாய் சுமார். இன்னொன்று 3,000 ரூபாயை ஒட்டி. "ரெண்டும் ஓடும் அண்ணா, உங்க இஷ்டம்" என்பான் கடைப் பையன். அவன் பொய் சொல்லவில்லை, ரெண்டும் ஓடும்தான். எந்த வேலைக்கு, எவ்வளவு நாள், நின்றுபோனால் அப்புறம் என்ன என்பதை அவனிடம் யாரும் கேட்பதில்லை.

என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஹலசூர், கம்மனஹள்ளி, பொம்மனஹள்ளிப் பக்கம் வீட்டுக்குக் கீழேயோ வாடகை ஷட்டரிலோ சின்னதாக ஒரு பட்டறை போட நினைப்பவர்கள் ஒரு வகை. ஆனேக்கல், அத்திபெலே, மாலூர் பக்கத்திலோ, எல்லை தாண்டி ஓசூர், தளிப் பக்கத்திலோ கொஞ்சம் நிலம் வாங்கி நாலு மாடு கட்டியிருப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் பட்ஜெட் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஒருவருக்குச் சொல்லும் பதில் மற்றவருக்குப் பொருந்தாது.

கையில் உள்ள வழிகள் நான்கு: பெயர் தெரியாத லோக்கல் மால் (சரக்கு), கம்பெனி மால், நல்ல மெஷினைப் பழசாக வாங்குவது, வாடகை. எல்லாவற்றையும் ஒரே வழியில் வாங்குபவர்தான் அதிகம் செலவழிக்கிறார் என்பது என் கணிப்பு. சாமானுக்குச் சாமான் வழி மாற வேண்டும்.

## எதை வைத்து முடிவு செய்வது

விலையைக் கடைசியில் பார்க்கலாம். அதற்கு முன்னால் ஐந்து கேள்வி உண்டு. ஐந்துக்கும் ஒரே எடை கிடையாது.

எப்படிக் கெடும்? எனக்கு இதுதான் முதல் கேள்வி. ஸ்க்ரூ டிரைவர் முனை தேய்ந்தால் ஸ்க்ரூ கெடும், அவ்வளவுதான். சுற்றுவது, தூக்குவது, அழுத்தம் தாங்குவது, மாட்டின் மேல் படுவது, இந்த நாலும் கெடும்போது ஆளையோ மாட்டையோ சேர்த்துப் பதம் பார்க்கும். ஜாக்கி, பளு தூக்கும் செயின் பிளாக், கட்டிங் வீல், கம்ப்ரசர் டேங்க் எல்லாம் இந்தப் பட்டியல்.

நின்றுபோனால் என்ன ஆகும்? பட்டறையில் டிரில் நின்றால் வேலை நாளைக்குத் தள்ளிப்போகும். கொட்டாயில் கறவை மெஷின் காலை ஐந்து மணிக்கு நின்றால் மடி நிறைந்த மாடு நாளை வரை நிற்காது. பால் வண்டியும் நிற்காது.

மாதத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும்? இதை மனதில் நினைக்காமல் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வீட்டு வேலைக்கு வாங்கிய கிரைண்டர் மாதம் ஒரு மணி நேரம் ஓடினாலே அதிகம். கேட், கிரில் செய்யும் பட்டறையில் ஒரே நாளில் அதைத் தாண்டிவிடும்.

ஸ்பேர் எங்கே கிடைக்கும்? சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். கார்பன் பிரஷ், பேரிங், ஸ்விட்ச், மோட்டாரின் சுற்றும் பாகமான ஆர்மேச்சர் நாலும் கைக்கு எட்டும் தூரத்தில் கிடைக்குமா என்பதே முழுக் கேள்வி.

கரண்ட் எப்படி? நகரத்துக்குள் இது பெரிய விஷயமில்லை. கிராமத்தில் இதுவே பாதி மெஷின்களைக் கொல்கிறது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 170 வந்தால், மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கக் கணக்கில் குறைந்து பாதிக்குச் சற்று மேலே நின்றுவிடும். பளு மட்டும் குறையாது. மோட்டார் திணறிச் சூடேறி எரியும். பம்ப்செட்டுக்கு வரும் மூன்று பேஸ் மின்சாரமும் பல இடங்களில் நாளில் சில மணி நேரம்தான்.

## லோக்கல் மால்

இதைக் கேவலமாகப் பேசுவது சுலபம். ஆனால் பெங்களூரின் பாதிக் கட்டுமான வேலை இந்த மெஷின்களில்தான் நடக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது.

கடையில் இவற்றுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். "801 மாடல்", "6-100 மாடல்" என்பார்கள். பெரிய கம்பெனிகளின் ஓடித் தேர்ந்த மாடல்களைப் பார்த்துச் செய்தவை. சுவர் துளைக்கும் ஹேமர் டிரில் என்றால் "2-26 மாடல்". ஒரே அச்சில் பத்துப் பேர் செய்வதால் ஆர்மேச்சரும், ஃபீல்ட் காயிலும், கியரும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். எஸ்.ஜே.பி. ரோட்டில் "801 ஆர்மேச்சர்" என்று கேட்டால் கைக்கு வரும். கம்பெனி மெஷினுக்கு ஒரு பாகம் வர ஒரு வாரம் ஆகும் இடத்தில், இது அரை மணி நேர வேலை. தினக்கூலிக்குப் போகும் வெல்டருக்கு இது பெரிய விஷயம்.

அப்படியானால் விலை எங்கே குறைகிறது? ஒரு 801 மாடலின் முன்பக்கம் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி கியர் தலையைத் திறந்து பாருங்கள். கிரீஸ் ஒரு ஓரத்தில் ஒட்டியிருக்கும், பல்லில் இருக்காது. பேரிங்கின் மேல் கம்பெனி பெயர் இருக்காது, அல்லது படிக்க முடியாத அளவுக்கு இருக்கும். வீலை மறைக்கும் கார்டு மெல்லிய தகடு. ஒயர் கையில் பிடித்தாலே ஒல்லியாகத் தெரியும். காயிலில் செம்புக்குப் பதில் செம்புப் பூச்சு போட்ட அலுமினியம் இருப்பதும் உண்டு. அதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம், சூடு ஏறும் வேகத்தில் தெரியும். புது மெஷினைத் திறந்து நல்ல கிரீஸ் வைத்து, இரண்டு பேரிங்கையும் நல்ல கம்பெனியாக மாற்றினால் அதே 1,000 ரூபாய் மெஷின் வேறு மாதிரி ஓடும். செலவு இருநூறு, முந்நூறு. ரிப்பேர் செய்பவர்கள் பலர் தங்களுக்கு வாங்கும் மெஷினில் இதைத்தான் செய்கிறார்கள். வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை, அது வேறு கதை.

லேபிளில் இருக்கும் வாட்டை நம்பாதீர்கள். வெல்டிங் மெஷினில் இது இன்னும் மோசம். மூன்று கிலோ எடையில், தோளில் மாட்டும் பட்டியோடு "200 ஆம்ப்" என்று எழுதிய இன்வெர்ட்டர் மெஷின் 5,000 ரூபாய்க்கே கிடைக்கிறது. கணக்கு போடுவோம். 200 ஆம்பியரில் வெல்ட் அடிக்க சுமார் 28 வோல்ட் வேண்டும். அதாவது 5,600 வாட் வெளியே வர வேண்டும். உள்ளே இழுக்க வேண்டியது அதற்கும் மேல், சிங்கிள் பேஸில் 30 ஆம்பியரைத் தாண்டும். அந்த மெஷினின் ஒயர் நுனியில் இருப்பதோ 16 ஆம்பியர் பிளக். அதில் ஒழுங்காகக் கிடைப்பது 100 ஆம்பியர் அளவுதான்.

ஆனால் வீட்டு வேலைக்கு 100 ஆம்பியர் போதும் என்பதும் உண்மை. 12 கேஜ் ராடுக்கு, அதாவது 2.5 மி.மீ.க்கு, 60 முதல் 90 ஆம்பியர் போதும். ஸ்கொயர் டியூப், தகடு, ஜன்னல் கிரில் எல்லாம் இதிலேயே முடியும். 10 கேஜ் ராடு வைத்து நாள் முழுக்க ஆங்கிள் ஒட்ட வேண்டும் என்றால் இந்த மெஷின் வேண்டாம். வாங்கும்போது ஆம்பியரைக் கேட்காமல் டியூட்டி சைக்கிளைக் கேளுங்கள். 60 சதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அடிக்கலாம், நாலு நிமிடம் ஆற விட வேண்டும். எத்தனை ஆம்பியரில் அந்த 60 சதம் என்பதும் தெரிய வேண்டும். மலிவு மெஷினின் பெட்டியில் இந்த வரியே இருக்காது.

மறைந்த செலவு என்று பார்த்தால், லோக்கல் மெஷினில் மெஷினை விட அதோடு வரும் சில்லறைதான் செலவு வைக்கும். கிட் பெட்டியில் இலவசமாக வரும் டிரில் பிட் இரும்பில் இரண்டு ஓட்டை போடுவதற்குள் முனை மழுங்கிவிடும். பெட்டியை வாங்கினாலும் பிட்டைத் தனியாக வாங்குங்கள். மலிவான கிரைண்டரில் நல்ல கட்டிங் வீல் போட்டு வேலை செய்யலாம். நல்ல கிரைண்டரில் மலிவான வீல் போடக் கூடாது. வீலின் நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் காலாவதித் தேதி அச்சாகியிருக்கும், வழக்கமாகச் செய்த தேதியிலிருந்து மூன்று வருடம். பிசின் வைத்து ஒட்டிய சாமான் அது, ஈரத்தில் கெட்டுவிடும். 100 மி.மீ. வீலில் 15,300 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று அதன் உச்ச வேகமும் இருக்கும். மெஷின் 11,000, 12,000 சுற்றும். 14 இஞ்ச் கட்டிங் மெஷினின் வீல் 4,300 ஆர்பிஎம் அளவுக்கு மேல் தாங்காது. இவற்றை எல்லாம் படித்துப் பார்த்து வாங்குபவரை நான் அதிகம் பார்த்ததில்லை. கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, நாலு இஞ்ச் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடு மாட்டுபவர்களைத் தினமும் பார்க்கிறேன். பல் மரத்தில் சிக்கினால் மெஷின் கையை விட்டுத் துள்ளும். அதைத் தடுக்க அந்த மெஷினில் எதுவும் கிடையாது.

லோக்கல் மாலே போதும் என்று நான் சொல்லும் சாமான்கள்: தூசி ஊதும் புளோயர், எப்போதாவது டைல்ஸ் அறுக்க மார்பிள் கட்டர், ஹாட் ஏர் கன், ஜி கிளாம்ப், கம்பி பிரஷ், மரச் சுத்தி, தள்ளுவண்டி.

## கம்பெனி மால்

பாஷ் கம்பெனியின் இந்தியத் தலைமையகமே நம் ஆடுகோடியில்தான் இருக்கிறது. மகிட்டா, டிவால்ட், ஹிட்டாச்சி என்று நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் ஹைகோகி எல்லாம் பெங்களூரில் சுலபமாகக் கிடைப்பவை. ஆகவே நகரத்துக்குள் இருப்பவருக்கு கம்பெனி மால் சுமை இல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒரே பெயரில் இரண்டு தரம் இருக்கும். பாஷில் பச்சை நிறம் வீட்டு உபயோகத்துக்கு, நீலம் தொழிலுக்கு. வேறு கம்பெனிகளிலும் இப்படி ஒரு கோடு உண்டு, நிறத்தில் தெரியாது. பெயரை மட்டும் பார்த்து வீட்டு உபயோக மெஷினைப் பட்டறையில் போட்டுவிட்டு கம்பெனியைத் திட்டுவதில் நியாயமில்லை.

கூடுதல் பணம் எங்கே போகிறது என்றால், தூசி நுழையாத பேரிங்கில், சூட்டைத் தாங்கும் காயிலில், அழுத்தினால் சட்டென்று வேலை செய்யும் ஸ்விட்சில், நிமிர்ந்து நிற்கும் கார்டில். கையில் அதிர்வு குறைவு என்பதை விளம்பரம் என்று நினைப்போம். சாயங்காலம் டம்ளர் பிடிக்கும்போது விரல் மரத்துப்போகிறதா இல்லையா என்பதில் அது தெரியும்.

மறைந்த செலவு இங்கேயும் இருக்கிறது. வாரண்டி பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை. கார்பன் தேய்வது, ஸ்விட்ச் போவது போன்றவை அதில் வராது. ஆர்மேச்சர் எரிந்தால் "ஓவர்லோட்" என்று எழுதிக் கையில் கொடுத்துவிடலாம். எங்கள் பட்டறை மெஷின் ஒன்றுக்கு அப்படித்தான் எழுதினார்கள், எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. ஒரிஜினல் ஆர்மேச்சர் விலை சில மாடல்களில் புது மெஷின் விலையில் பாதியை நெருங்கும். டூப்ளிகேட் தொல்லையும் உண்டு. எம்.ஆர்.பி.யில் பாதி விலைக்கு, பில் இல்லாமல், சீல் போட்ட பெட்டியில் தருகிறேன் என்றால் என்ன தருகிறார் என்று உங்களுக்கே தெரியும். வெர்னியர் காலிபரில் மிட்டுடோயோ பெயரில் வரும் போலிகள் இன்னும் தேர்ந்தவை. அளவு பார்க்கும் சாமானைத் தெரிந்த டீலரிடம் மட்டும் வாங்குங்கள்.

பேட்டரி மெஷின் வாங்க நினைப்பவர்கள் இன்னொன்றை யோசிக்க வேண்டும். முதல் மெஷினோடு நீங்கள் வாங்குவது அந்தக் கம்பெனியின் பேட்டரியை. அடுத்த பத்து வருடத்துக்கு டிரில், கிரைண்டர், புல் வெட்டும் மெஷின் எல்லாம் அதே பேட்டரிக்குத்தான் வாங்குவீர்கள். பெயரில்லாத கம்பெனியின் 21 வோல்ட், 48 வோல்ட் என்று எழுதிய பேட்டரி மெஷின்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. மெஷின் நல்லபடியே இருக்கும்போது பேட்டரி போய்விடும். அதே பேட்டரி மறுபடி கிடைக்காது. மொத்தமும் குப்பை.

கைச் சாமானில் முடிவு சுலபம். கட்டிங் பிளேயர், ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவரில் டபாரியா மாதிரி ஒரு நல்ல இந்திய மால் வாங்கினால் வாழ்நாளுக்கு வரும். லோக்கல் ஸ்பேனருக்கும் அதற்கும் விலை வித்தியாசம் கம்மி. போல்ட் தலை உருண்டுபோனால் அதைக் கழற்ற ஆகும் நேரம் அந்த வித்தியாசத்தை ஒரே நாளில் தின்றுவிடும்.

## பழைய மெஷின்

பெங்களூரில் இருப்பவருக்கு மற்ற ஊர்க்காரருக்கு இல்லாத வசதி இதுதான். 1953இல் ஹெச்.எம்.டி. தொடங்கியது இங்கே, ஜாலஹள்ளியில். பீன்யாவும் பொம்மசந்திராவும் சின்னச் சின்ன யூனிட்களால் நிறைந்தவை. அங்கே எப்போதும் ஏதோ ஒரு யூனிட் மூடிக்கொண்டோ இடம் மாறிக்கொண்டோ இருக்கும். லேத், பில்லர் டிரில், பெஞ்ச் கிரைண்டர், இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் எல்லாம் விலைக்கு வரும். சிக்பேட்டைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் சந்தையிலும் சிவாஜிநகர் குஜிரி (பழைய சாமான்) கடைகளிலும் சில்லறை கிடைக்கும். ஆனால் அங்கே வாங்கும் சாமான் யாருடையது என்ற கேள்வியும் கூடவே வரும். மோட்டார் வைத்த எதையும் பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

பழசில் வாங்க முதல் தகுதி வைஸுக்குத்தான். புது மலிவு வைஸ் லேசான வார்ப்பிரும்பு. ஒரு தடவை சுத்தியால் தட்டினால் தாடை விரிசல் விடும். பழைய வைஸில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. திருகு பல் தேய்ந்திருக்கிறதா, தாடை இணையாக மூடுகிறதா, வெல்டிங் போட்டு ஒட்டிய தடம் இருக்கிறதா என்று மூன்று பார்த்தால் போதும். பில்லர் டிரில்லில் ஸ்பிண்டிலை முழுக்க இறக்கி, பிட் மாட்டும் சக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் விலை பேச வேண்டாம், நடையைக் கட்டுங்கள்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் செட்டும் நல்ல வாங்கல்தான், உங்கள் இணைப்பு தாங்குமானால். எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை, மழைத்தூறலும் தூசியும் பார்த்துப் பயப்படாது. எரிந்தால் ரீவைண்டிங் செய்துகொள்ளலாம். வாங்குமுன் சுற்று செம்பா அலுமினியமா என்று ஒயரின் நுனியைச் சுரண்டிப் பாருங்கள். ஆனால் இன்வெர்ட்டரை விடக் கரண்ட் அதிகம் குடிக்கும். வீட்டு மீட்டரில் மாட்டினால் தெரு விளக்கே மங்கும்.

மறைந்த செலவுதான் இங்கே ஆளை விழுங்கும். தொழிற்சாலை மெஷின்களில் பெரும்பாலும் மூன்று பேஸ் மோட்டார். உங்களிடம் சிங்கிள் பேஸ் என்றால் மோட்டாரை மாற்ற வேண்டும், அல்லது வேகம் மாற்றும் டிரைவ் ஒன்று வைக்க வேண்டும். இரண்டு ஹெச்.பி. வரைக்கும் டிரைவ் நல்ல வழி, வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். அப்புறம் டாடா ஏஸ் வாடகை, ஏற்ற இறக்க ஆள், தரையில் காங்கிரீட் போட்டு போல்ட் வைப்பது. மெஷின் விலையில் கால் பங்கை இதற்கென்று ஒதுக்கிவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.

கையில் பிடிக்கும் மின்கருவிகளைப் பழசாக வாங்காதீர்கள். பழைய கிரைண்டர் விற்பனைக்கு வருகிறது என்றால் விற்பவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியவில்லை.

## வாடகை

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காங்கிரீட் உடைக்கும் பிரேக்கர், கோர் கட்டிங், பெரிய ஜெனரேட்டர், சாரம் இதெல்லாம் வாங்கும் சாமானே இல்லை. சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் கடைகளிலேயே பிரேக்கரும் கிடைக்கும். டெபாசிட்டும் அடையாள அட்டை நகலும் கேட்பார்கள். மழுங்கிய உளி கொடுத்து அனுப்புவது வழக்கம், எடுக்கும்போதே பார்த்து மாற்றச் சொல்லுங்கள். திங்கள் காலை எடுத்து அன்று மாலையே திருப்பினால்தான் லாபம். "நாளைக்குக் கொடுத்துக்கலாம்" என்று நாலு நாள் வீட்டில் கிடந்தால் வாடகை, விலையைத் துரத்த ஆரம்பித்துவிடும்.

கர்நாடகத்துக்குள் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஹோப்ளி (தாலுகாவின் உட்பிரிவு) அளவில் கிருஷி யந்திரதாரே வாடகை மையங்கள் இருக்கின்றன. உழவுக் கருவி, தெளிப்பான் போன்றவற்றுக்கு முதலில் அங்கே கேளுங்கள். வருடத்தில் இரண்டு வாரம் மட்டும் தேவைப்படும் எதற்கும் இதுவே சரி. தினமும் காலையும் மாலையும் வேண்டியதற்கு வாடகை உதவாது.

## ஒரே பார்வையில்

| | லோக்கல் மால் | கம்பெனி மால் | பழசு | வாடகை |
|---|---|---|---|---|
| முதல் செலவு | மிகக் குறைவு | இரண்டு, மூன்று மடங்கு | பேரத்தைப் பொறுத்து | டெபாசிட் மட்டும் |
| மறைந்த செலவு | பிட், வீல், பேரிங், ஒயர் | ஒரிஜினல் ஸ்பேர், காத்திருப்பு | மோட்டார் மாற்றம், வண்டி வாடகை | தாமதம், அலைச்சல் |
| ஸ்பேர் | நகரில் உடனே. கிராமத்தில் சிரமம் | நகரில் உண்டு, தாமதமாகலாம் | ரீவைண்டிங், லேத் வேலை | உங்கள் கவலை இல்லை |
| எதற்கு | எப்போதாவது ஓடுவது | தினமும் ஓடுவது, சுற்றுவது | கனமான, அசையாத மெஷின் | வருடத்தில் சில நாள் |
| எதற்கு வேண்டாம் | ஜாக்கி, செயின் பிளாக், கறவை மெஷின் | ஒரே ஒரு நாள் வேலை | கைக் கிரைண்டர், கம்ப்ரசர் டேங்க் | கொட்டாயின் அன்றாட வேலை |

## கொட்டாய்க்கு வேறு கணக்கு

பட்டறையில் மெஷின் தூசியில் வாழ்கிறது. கொட்டாயில் மூத்திரத்தின் நெடியில், தண்ணீரில், எலிகளோடு வாழ்கிறது. அம்மோனியா செம்பு முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கும். பட்டறையில் ஐந்து வருடம் வரும் ஸ்விட்ச் இங்கே ஒரு மழைக்காலம் தாண்டினால் பெரிது. அதனால் கொட்டாய்க்கு நான் சொல்லும் முதல் செலவு எந்த மெஷினும் இல்லை. நல்ல எர்த்திங், கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, மூடி வைத்த ஸ்விட்ச் பெட்டி, இந்த மூன்றும்தான். மனிதனுக்கு உறைக்காத கசிவு மாட்டுக்கு உறைக்கும். நாலு காலும் ஈரத் தரையில், செருப்பும் இல்லை. கறவை நேரத்தில் மாடு காரணமில்லாமல் உதைக்கிறது, தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கத் தயங்குகிறது என்றால் மாட்டைப் பழிக்கும் முன் எர்த்தைச் சோதியுங்கள்.

புல் நறுக்கும் மெஷின். இதில் லோக்கல், கம்பெனி என்ற பிரிவே மங்கிவிடும். எல்லாமே ஏதோ ஒரு ஊர்ப் பட்டறையில் செய்ததுதான். விலையை ஏற்றி இறக்குவது மோட்டார், பிளேடு, பாதுகாப்பு மூன்றும். வாங்கும்போது பிளேடைக் கடைசியில் பாருங்கள். முதலில் புல் தள்ளும் தட்டின் நீளத்தைப் பாருங்கள். தட்டு குட்டையாக இருந்தால் கை ரோலருக்கு எட்டும். ரோலர் பிடித்தால் இழுத்துக்கொள்ளும், விடாது. ரோலரைப் பின்னால் சுற்ற வைக்கும் கைப்பிடி கட்டாயம் வேண்டும், அதுவும் புல் தள்ளும் ஆளின் கைக்கு எட்டும் இடத்தில். இந்தக் கைப்பிடி இல்லாத மெஷின் சில ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கும். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன்.

கோ-4, கோ-5 தீவனப் புல்லைப் பச்சையாக நறுக்க இரண்டு ஹெச்.பி. தாராளம். நம் பக்கம் ராகித் தாளும் காய்ந்த சோளத்தட்டும் போடுபவர்கள் அதிகம். காய்ந்த தாள் பிளேடைச் சீக்கிரம் மழுக்கும். மழுங்கிய பிளேடு மோட்டாரைத் திணற வைக்கும், அதோடு வோல்டேஜும் குறைந்தால் கெப்பாசிட்டரும் காயிலும் போகும். ஒரு செட் பிளேடு கூடுதலாக வாங்கி வையுங்கள். அந்த அளவு பிளேடு உள்ளூரில் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு மெஷினை எடுங்கள்.

கறவை மெஷின். இரண்டு மாட்டுக்கு இது வேண்டாம். கறந்து முடிக்கும் நேரத்தை விடக் கழுவும் நேரம் அதிகமாகிவிடும். ஐந்து, ஆறு கறவை மாடு என்றால் யோசிக்கலாம். இதில் மட்டும் மலிவு மால் பக்கம் போகவே போகாதீர்கள். வெற்றிட அழுத்தம் 40 முதல் 50 கிலோபாஸ்கலுக்குள், பழைய மீட்டரில் பாதரசக் கணக்கில் 12 முதல் 15 இஞ்சுக்குள், ஆடாமல் நிற்க வேண்டும். வெற்றிடத்தை விட்டு விட்டு மாற்றும் பல்சேட்டர் நிமிடத்துக்கு 60 தடவை ஒழுங்காகத் துடிக்க வேண்டும். இந்த இரண்டில் எது பிசகினாலும் காம்பு புண்ணாகி மடிநோய் வரும். ஒரு மாட்டுக்கு மடிநோய் வந்தால் வைத்தியம், கொட்டும் பால், குறையும் கறவை எல்லாம் சேர்த்து மலிவு மெஷினில் மிச்சம் பிடித்தது எங்கே போனது என்று தெரியாது.

காம்பைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் லைனர்கள் இன்னொரு மறைந்த செலவு. 2,500 கறவைக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வார்கள். ஐந்து மாடு, இரண்டு வேளை என்றால் ஒரு நாளைக்குப் பத்து கறவை. எட்டு மாதத்தில் மாற்ற வேண்டும். அந்த மாடலின் லைனர் தனியாகக் கிடைக்காத மெஷின் எட்டு மாத மெஷின்தான். இன்னொன்று, கரண்ட் போனால் என்ன வழி என்று விற்பவரிடம் கேளுங்கள். சின்ன இன்ஜினோ கைப் பம்போ இணைக்க முடிகிற மாடலாகப் பாருங்கள். கையில் கறக்கத் தெரிந்த ஒருவர் எப்படியும் வீட்டில் இருக்க வேண்டும்.

புல் வெட்டும் பிரஷ் கட்டர். பெயரில்லாத 52 சிசி டூ ஸ்ட்ரோக் மெஷின் விலைக்கு மூன்று மடங்கு கொடுத்தால் ஹோண்டாவின் 35 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் வைத்தது கிடைக்கும். சிசி குறைவு என்று தயங்க வேண்டாம். எண்ணெய் கலக்கும் வேலை இல்லை, புகை குறைவு, முதுகுக்கும் நல்லது. ஆனால் மாதம் ஒரு தடவை வேலி ஓரம் வெட்டுபவருக்கு டூ ஸ்ட்ரோக்கே போதும். எண்ணெய் விகிதத்தை மெஷினோடு வந்த தாளில் பார்த்துக் கலக்குங்கள், பங்க் பையனிடம் கேட்காதீர்கள். எதுவானாலும், இப்போது வரும் 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோலை டேங்கில் விட்டுவைக்கக் கூடாது. ஈரத்தை இழுத்து கார்புரேட்டரின் ரப்பர் பாகங்களைக் கெடுக்கும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, நிற்கும்வரை ஓட விட்டு வையுங்கள்.

கழுவும் பிரஷர் மெஷின். மலிவே போதும். நின்றுபோனால் குழாயும் துடைப்பமும் இருக்கிறது.

## 30,000 ரூபாய் இருந்தால்

சின்னப் பட்டறை என்றால், தொழில் தரக் கிரைண்டர் ஒன்று கம்பெனி மாலாக. அதற்குத் துணையாக இரண்டாவது கிரைண்டர் 801 மாடல், பேரிங் மாற்றி. இரண்டு கிரைண்டர் இருந்தால் ஒன்றில் கட்டிங், ஒன்றில் கிரைண்டிங் வீல் மாட்டியே வைக்கலாம், கார்டைக் கழற்றும் ஆசையும் வராது. டியூட்டி சைக்கிள் எழுதிய நடுத்தர இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின். பழைய வைஸ். நல்ல ஸ்பேனர் செட். முகக்கவசம், கையுறை, கண்ணாடி. மிச்சப் பணத்தில் நல்ல வீலும் பிட்டும். ஹேமர் டிரில்லை முதல் வருடம் தேவைப்படும்போது பக்கத்துப் பட்டறையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

நாலு மாட்டுக் கொட்டாய் என்றால், வயரிங்கும் எர்த்திங்கும் முதலில். அப்புறம் ரிவர்ஸ் கைப்பிடி வைத்த இரண்டு ஹெச்.பி. நறுக்கும் மெஷின். பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும். கைச் சாமான் ஒரு பெட்டி, மலிவான பிரஷர் வாஷர். வெல்டிங் மெஷினை வாங்காதீர்கள். கேட் கீல் உடைந்தால் ஊரில் வெல்டர் இருக்கிறார், அவரைக் கூப்பிட்டால் மற்ற நாலு உடைசலையும் பார்த்துவிட்டுப் போவார்.

கடைக்குப் போகும்போது வார நாளில், காலையிலேயே போங்கள். மார்க்கெட் மெட்ரோவில் இறங்கி நடப்பதுதான் நிம்மதி, அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. எந்த மெஷினானாலும் கவுண்டரில் பிளக் மாட்டி ஓட்டிப் பாருங்கள். இரண்டு நிமிடம் வெறுமனே ஓட விட்டு, நிறுத்தியதும் கியர் தலையில் கை வையுங்கள். சுடக் கூடாது. நிறுத்தும்போது சத்தம் மெல்லத் தேய்ந்து அடங்க வேண்டும், கரகரவென்று பிடித்து நிற்கக் கூடாது. கார்பன் பகுதியில் லேசான நீலப் பொறி சகஜம், வட்டமாக நெருப்புச் சுற்றினால் வேண்டாம். ஒரு ஜோடி கார்பனையும் அங்கேயே வாங்கிப் பையில் போட்டு, ஜி.எஸ்.டி. பில்லில் மாடல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் தகராறு வேண்டாம், அடுத்த கடை பத்தடியில் இருக்கிறது.